லாகின் பேனர்

சர்வருக்குள் நுழைய முயல்பவரின் திரையில், பாஸ்வேர்ட் கேட்கப்படும் முன்போ உள்ளே நுழைந்தவுடனோ தோன்றும் அறிவிப்பு லாகின் பேனர் எனப்படுகிறது. லினக்ஸில் இதற்கென மூன்று கோப்புகள் உண்டு. மூன்றும் இடிசி அடைவில் இருக்கும். நேரடிக் கன்சோலில் லாகினுக்கு முன் காட்டப்படுவது 'இஷ்யூ'. டெல்நெட் போன்ற வலைவழி இணைப்புகளுக்காக ஏற்பட்டது 'இஷ்யூ.நெட்'. உள்ளே போன பிறகு தெரிவது 'எம்ஓடிடி'. ஒரே வாசகத்தை மூன்றிலும் ஒட்டிவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பது வழக்கம். ஆனால் எச்சரிக்கை எம்ஓடிடியில் மட்டும் இருந்தால் வாசற்படியைத் தாண்டியவர்தான் அதைப் படிப்பார். பேனர் யாரையும் தடுப்பதற்கல்ல. நுழைவதற்கு முன்பே சொல்லியாயிற்று என்று பின்னால் காட்டுவதற்கான சான்று அது. எனவே பாஸ்வேர்டுக்கு முன் வருவதற்குத்தான் சட்டப்படி மதிப்பு அதிகம்.

இந்தச் சான்று ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அமெரிக்க அனுபவம் விடை தருகிறது. ஊடுருவியவர் தட்டும் ஒவ்வொரு விசையையும் பதிவு செய்வது ஒட்டுக்கேட்புச் சட்டத்தை மீறியதாகுமோ என்ற ஐயம் அங்கே எழுந்தது. 1992 டிசம்பரில் செர்ட் ஒருங்கிணைப்பு மையம், அந்நாட்டு நீதித்துறையின் கருத்தை முன்வைத்து, கண்காணிப்பு நடக்கலாம் என்பதை பேனரிலேயே தெரிவிக்கும்படி நிர்வாகிகளுக்கு அறிவுறுத்தியது. அறிவிப்பைக் கண்டும் தொடர்ந்தவர் கண்காணிப்புக்கு இசைந்தவர் என்று வாதிட இடமுண்டு என்பதே இதன் அடிப்படை. 2001ஆம் ஆண்டு பேட்ரியாட் சட்டம், அத்துமீறி நுழைந்தவரை அவரது இசைவின்றியே சில நிபந்தனைகளோடு கண்காணிக்க வழிவிட்டது. அதோடு பேனரின் தேவை தீர்ந்துவிட்டது என்பார் உண்டு. ஆனால் நுழைவு உரிமைக்கான ஒப்பந்தம் உடையவர்களை அந்த விலக்கு தொடுவதில்லை. அனுமதி பெற்று வந்து எல்லை மீறும் ஊழியரும் வாடிக்கையாளரும்தான் நடைமுறையில் சிக்கலான வழக்குகள். 2000இல் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த சைமன்ஸ் வழக்கில், அரசு ஊழியரின் இணையப் பயன்பாட்டில் அந்தரங்க எதிர்பார்ப்புக்கு இடமில்லை என முடிவானது. அங்கே கைகொடுத்தது அலுவலகக் கொள்கை அறிவிப்பே, பேனரன்று. என்றாலும், முன்கூட்டிச் சொல்லியிருந்தது தீர்ப்பில் எடைபெற்றது.

திருடன் அறிவிப்புப் பலகையைப் படிப்பானா என்ற கேள்வி நியாயமானது. பாஸ்வேர்டுகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் எதையும் படிப்பதில்லை. மிரட்டும் தொனியில் பத்து வரி எழுதுவது அதனால்தான் வீண். அதைவிட, தகவல் கசிவதைக் கவனிக்கலாம். டெபியனின் இயல்பான இஷ்யூ கோப்பு இயங்குதளப் பெயரையும் பதிப்பையும் முதல் வரியிலேயே சொல்லிவிடும். அதில் பின்சாய்கோட்டோடு வரும் 'என்', 'எல்' குறிகளை கன்சோலில் லாகின் கேட்கும் 'கெட்டி' நிரல் சர்வர் பெயராகவும் டிடிஒய் எண்ணாகவும் மாற்றிக் காட்டுகிறது. அதே கோப்பை எஸ்எஸ்எச் எனும் தொலை இணைப்பில் வருபவருக்குக் காட்டினால் குறிகள் அப்படியே அசிங்கமாகத் திரையில் விழும். எஸ்எஸ்எச் சர்வர் அவற்றை விரிப்பதில்லை. பதிப்பு விவரத்தை நீக்கச் சொல்கின்றன பாதுகாப்பு வழிகாட்டிகள். நீக்குவதில் தவறில்லை, ஆனால் பெரிய லாபமும் இல்லை: எஸ்எஸ்எச் மென்பொருள் தன் பதிப்பை இணைப்பின் முதல் வரியிலேயே அனுப்பிவிடுகிறது.

ஓபன்எஸ்எஸ்எச்சில் 'பேனர்' அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கும், இஷ்யூ.நெட்டில் எழுதிவைத்தால் மட்டும் போதாது, சர்வர் அமைப்புக் கோப்பில் அதைச் சுட்ட வேண்டும். 2006இல் வெளியான ஆர்எஃப்சி 4252, பேனரை அடையாளச் சோதனை வெற்றியாவதற்கு முன் அனுப்ப வகைசெய்கிறது. அதைக் காட்டாமல் விடும் வசதியைக் கிளையன்ட் தரலாம் என்றும் ஏற்கிறது. பயனர் எஸ்எஸ்எச் கட்டளையில் '-கியூ' போட்டால் வாசகம் திரைக்கு வராது. 'நான் பார்க்கவே இல்லை' என்ற மறுப்புக்கு இங்கே இடம் கிடைக்கிறது. விண்டோஸிலோ, அறிவிப்பு அமைத்திருந்தால், 'ஓகே' அழுத்தினால்தான் லாகின் திரை வரும். அமெரிக்க என்ஐஎஸ்டியின் 800-53 ஆவணம், ஏசி-8 பிரிவில், பயனர் ஒப்புக்கொள்ளும்வரை அறிவிப்பு திரையில் நிற்க வேண்டும் என்கிறது. எஸ்எஸ்எச் பேனர் அப்படிக் காத்திருப்பதில்லை. இதை ஈடுகட்ட பேஷ் தொடக்கக் கோப்பில் 'எக்கோ' வரி சேர்ப்பவர்கள், கோப்புகளை நகலெடுக்கும் எஸ்சிபியும் ஆர்சிங்கும் பழுதாவதைப் பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். பேனர் பிழை வெளியீட்டின் வழியே வருவதால் அந்தத் தொல்லை இல்லை. பேனர் கோப்பின் வாசகத்தை மாற்றினால் சர்வரை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை, அடுத்த இணைப்பிலேயே புதிய வாசகம் போகும். அத்தனை சுலபமாக மாறுவதால், எந்த நாளில் எந்த வாசகம் காட்டப்பட்டது என்பதற்குப் பழைய பிரதிகளைத் தேதியிட்டு வைத்திருப்பது அவசியமாகிறது.