இரட்டைத் துவக்கக் கணினியில் கீபோர்டு, மவுஸ் கோளாறுகள்

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியைப் போடும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு இரட்டைத் துவக்கம் என்று பெயர். இப்படிப்பட்ட கணினிகளில் கீபோர்டோ மவுஸோ ஓர் இயங்குதளத்தில் நன்றாக இயங்கி, மற்றதில் அசைவற்றுப் போவதுண்டு. உடனே புதிய கீபோர்டு வாங்கப் போவது பெரும்பாலும் வீண் செலவு. ஒரு பக்கம் ஒழுங்காக இயங்கும் கருவி பழுதானதல்ல. இரண்டாவது இயங்குதளம் கையில் இருப்பதே இங்கே மிகச் சிறந்த சோதனைக் கருவி. இரண்டிலும் இயங்காவிட்டால்தான் கம்பி, போர்ட், ரிசீவர் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வயர்லெஸ் ரிசீவரை யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு அருகில் செருகினால் அலைக் குறுக்கீட்டால் மவுஸ் திணறும். அதைச் சற்றுத் தள்ளி வைத்தாலே சரியாகிவிடும்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

கணினி துவங்கும்போது கீபோர்டை முதலில் கவனிப்பது மதர்போர்டிலுள்ள பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியலும் பொதுவாக அதையே நம்பி இருக்கிறது. அதன் பிறகே இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் தன் சொந்த டிரைவர்களைக் கொண்டு யூஎஸ்பியைக் கையில் எடுக்கிறது.

கிரப் பட்டியல் தோன்றியும் அம்புக்குறி விசைகள் நகராமல், நேரம் முடிந்ததும் முதல் இயங்குதளமே தானாகத் துவங்கினால் காரணம் பயாஸ் அமைப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். அங்குள்ள ஃபாஸ்ட் பூட் வசதி, நேரத்தை மிச்சப்படுத்த யூஎஸ்பி கருவிகளைத் தேடாமலே கடந்து போகும். அதை அணைத்து, யூஎஸ்பி லெகசி ஆதரவை இயக்க வேண்டும். பயாஸுக்குள் நுழையவே கீபோர்டு ஒத்துழைக்காவிட்டால், விண்டோஸில் ஷிப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் யூஇஎஃப்ஐ அமைப்புகளைத் தேர்ந்து உள்ளே போகலாம்.

விண்டோஸ் பக்கம்

2009இல் வெளிவந்த விண்டோஸ் 7இல் யூஎஸ்பி 3.0க்கான டிரைவர் கிடையாது. இன்டெல் 2015இல் கொண்டுவந்த ஸ்கைலேக் தலைமுறையில் பழைய யூஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தி நீக்கப்பட்டது. விளைவாக, பழைய மென்பொருள் ஒன்றுக்காக லினக்ஸோடு விண்டோஸ் 7ஐயும் வைக்க முயன்றவர்கள் நிறுவும் திரையிலேயே மவுஸை நகர்த்த முடியாமல் நின்றார்கள். அதே கணினியில் லினக்ஸ் எந்தத் தடங்கலும் இல்லாமல் இயங்கியது. நிறுவும் பென் டிரைவிலேயே அந்த டிரைவரைச் சேர்ப்பது ஒரு வழி. ஐபிஎம் 1987இல் அறிமுகப்படுத்திய பிஎஸ்/2 வகைக் கீபோர்டைச் செருகுவது இன்னொரு வழி. பிஎஸ்/2 கருவியைக் கணினி அணைந்திருக்கும்போதே செருக வேண்டும்.

புதிய விண்டோஸிலும் இது போன்ற கோளாறு நேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 11க்கு வந்த புதுப்பிப்பு ஒன்றால், மீட்புத் திரையில் மட்டும் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் இயங்காமல் போயின. மைக்ரோசாஃப்ட் சில நாள்களில் அவசரத் திருத்தம் வெளியிட்டது.

விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி வேறு வகைத் தொல்லை. அது இயக்கத்தில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. கர்னலின் நிலையை வட்டில் சேமித்து உறங்குகிறது. அடுத்து லினக்ஸைத் துவக்கும்போது சில கருவிகள் சரியாக விழித்தெழுவதில்லை. இரட்டைத் துவக்கக் கணினியில் இந்த வசதியை நிரந்தரமாக அணைத்துவிடுவதே நல்லது.

லினக்ஸ் பக்கம்

நுழைவுத் திரையில் கீபோர்டு, மவுஸ் இரண்டுமே இயங்காவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். எழுத்துத் திரை வந்து, அதில் தட்டச்சு செய்யவும் முடிந்தால் கர்னல் நலமாக இருக்கிறது. கோளாறு வரைகலை அடுக்கில். உபுண்டுவில் மேம்படுத்தலின்போது உள்ளீட்டு டிரைவர் தொகுப்பு விடுபட்டுப் போவது இதற்குத் தெரிந்த காரணம். அதை மீண்டும் நிறுவினால் தீரும். எழுத்துத் திரையும் வராவிட்டால் கிரப்பின் கூடுதல் விருப்பங்களில் பழைய கர்னலைத் தேர்ந்து பார்க்கலாம்.

புளூடூத் சாவி

இந்த வகைக் கோளாறுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது புளூடூத் கருவிகளின் சிக்கல். மவுஸை விண்டோஸோடு இணைக்கிறோம், இயங்குகிறது. லினக்ஸோடு இணைக்கிறோம், அங்கும் இயங்குகிறது. திரும்ப விண்டோஸுக்கு வந்தால் இணைப்பு போயிருக்கிறது. ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் கணினியும் மவுஸும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு இயங்குதளங்களும் பயன்படுத்துவது ஒரே புளூடூத் அடாப்டரை, ஒரே முகவரியை. மவுஸுக்கு அது ஒரே கணினிதான் என்பதால் புதிய சாவி வந்ததும் பழையதை மறந்துவிடுகிறது.

முதலில் லினக்ஸிலும் பிறகு விண்டோஸிலும் இணைத்துவிட்டு, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் சாவியை எடுத்து லினக்ஸின் புளூடூத் கோப்பில் எழுதுவதே தீர்வு. குறை ஆற்றல் புளூடூத் வகை மவுஸ்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளை நகலெடுக்க வேண்டும். சில மவுஸ்கள் ஒவ்வோர் இணைப்பிலும் தம் முகவரியையே மாற்றிக்கொள்ளும். அப்போது லினக்ஸில் அந்தக் கருவிக்குரிய கோப்புறையின் பெயரையும் மாற்ற வேண்டும். தனி யூஎஸ்பி ரிசீவரோடு வரும் மவுஸ்களில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் இணைப்பு விவரம் ரிசீவருக்குள்ளேயே இருப்பதால் இரண்டு இயங்குதளங்களிலும் அப்படியே இயங்கும்.

சாவிப் பிரச்சினை தீர்ந்தாலும் புளூடூத் கீபோர்டு பொதுவாக கிரப் பட்டியலிலும், வட்டு மறையாக்கத்துக்குக் கடவுச்சொல் கேட்கும் திரையிலும் இயங்காது. அந்த நேரத்தில் புளூடூத் துவங்கியே இருக்காது. ஆகவே டெஸ்க்டாப்பில் இரட்டைத் துவக்கம் வைத்திருப்பவர்கள் சாதாரண கம்பிக் கீபோர்டு ஒன்றைக் கட்டாயம் கைவசம் வைத்திருக்க வேண்டும்.