வெட்டியும் வெட்டுப்படாத வீடியோ: வீட்டு எடிட்டிங்கின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். போன்ல எடுத்த பிறந்தநாள் வீடியோவை ஒரு எடிட்டிங் ஆப்புல போடுறீங்க. நடுவுல யாரோ கேமராவை மறைச்சுக்கிட்டு நின்ன பத்து செகண்டை வெட்டித் தூக்கிடுறீங்க. அந்தப் பத்து செகண்ட் எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை. ஒரிஜினல் ஃபைல் போனில் அப்படியேதான் இருக்கிறது. ஆப் செய்தது ஒரே ஒரு வேலை. "ஆரம்பத்தில் இருந்து 40-வது செகண்ட் வரை காட்டு, பிறகு 50-வது செகண்டுக்குப் போ" என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டது. அவ்வளவுதான். நம்ம கோடிங் பாஷையில் சொன்னால், டேட்டாவைத் தொடவில்லை, பாயின்ட்டரை மட்டும் மாற்றியது.

இது இன்றைக்கு நமக்குச் சாதாரண விஷயம். ஆனால் ஒரு சாதாரண வீட்டுக்கு இந்த வசதி வந்து சேர ரொம்ப வருஷம் பிடித்தது. வந்த பிறகு, அதுவே ஒரு புது ஆபத்தையும் கொண்டுவந்தது. இன்னைக்கு அந்த ரெண்டையும் பேசப்போறோம்.

பிளேடும் மைக்ராஸ்கோப்பும்

முதலில் ஃபிலிம். 1965-ல் கோடக் கம்பெனி சூப்பர் 8 ஃபிலிமைக் கொண்டுவந்தது. ஒரு சுருள் 50 அடி. ஓட்டினால் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். வெளிநாடுகளில் வசதியான குடும்பங்கள் இதில் பிள்ளைகளின் பிறந்தநாளையும் சுற்றுலாவையும் எடுத்தார்கள். எடிட் பண்ணுவது கஷ்டமே இல்லை. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தால் படம் கண்ணுக்குத் தெரியும். வேண்டாத இடத்தில் வெட்டி, ரெண்டு முனையையும் ஒட்டினால் வேலை முடிந்தது.

வீடியோ டேப் அப்படி இல்லை. 1956-ல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் கம்பெனி, டிவி நிலையங்களுக்காக முதல் வீடியோ டேப் ரெக்கார்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டேப்பின் அகலமே ரெண்டு இன்ச். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் பழுப்பு நிற பிளாஸ்டிக் நாடா, வேறொன்றும் தெரியாது. படம் முழுக்க காந்தப் பதிவாக உள்ளே இருக்கிறது. எங்கே வெட்டுவது?

அந்தக் கால எடிட்டர்கள் இரும்புத் துகள் கலந்த திரவத்தை டேப்பின் மேல் தடவினார்கள். காந்தக் கோடுகள் மேல் துகள் ஒட்டிக்கொள்ளும். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஒரு ஃபிரேம் முடிகிற இடத்தில் பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். கை கொஞ்சம் தவறினாலும் டிவியில் படம் துள்ளும். கன்ட்ரோல் இசட் கிடையாது!

ரெண்டு விசிஆர், ஒரு பாஸ் பட்டன்

1980-களில் கேமரா வீட்டுக்கு வந்துவிட்டது. 1983-ல் சோனியின் பீட்டாமூவி, 1984-ல் ஜேவிசியின் சின்ன விஎச்எஸ்-சி கேம்கார்டர், 1985-ல் சோனியின் வீடியோ 8. நம்ம ஊரில் வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தக்காரர் கொண்டுவந்த கேமராவைச் சுற்றி தெருவே கூடி நின்ற கதை நிறைய குடும்பங்களில் உண்டு.

படம் எடுக்கிறது சுலபம். எடிட் பண்ணுறது? அதுக்கு ரெண்டு விசிஆர் வேணும். ஒன்றில் ஒரிஜினல் கேசட் ஓடும், இன்னொன்றில் காலி கேசட். வேண்டிய இடம் வரும்போது ரெக்கார்டு, வேண்டாத இடத்தில் பாஸ். இதற்குப் பெயர் லீனியர் எடிட்டிங்.

இதில் ரெண்டு பிரச்சினை. ஒன்று, ஒவ்வொரு காப்பியிலும் தரம் இறங்கும். காப்பியின் காப்பியில் நிறம் வழியும், முகம் மங்கும். ரெண்டாவது பிரச்சினை நம்மை மாதிரி ஆட்களுக்கு உடனே புரியும். நாற்பது நிமிஷம் எடிட் பண்ணி முடித்த பிறகு, "ஐயோ, அஞ்சாவது நிமிஷத்தில் தாத்தா ஆசீர்வாதம் பண்ணுறதை விட்டுட்டோமே!" என்று ஞாபகம் வந்தால், அதை நடுவில் நுழைக்க முடியாது. அங்கிருந்து மீதி 35 நிமிஷத்தையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். ஒரு அர்ரேயின் ஆரம்பத்தில் புதுசா ஒரு எலிமென்ட்டை நுழைத்தால் மீதி எல்லாவற்றையும் நகர்த்துகிறோமே, அதே கதைதான். என்ன, இங்கே நகர்த்துவது நிஜ நேரத்தில்.

நம்ம ஊர்க் கல்யாண கேசட்டுகளும் இப்படித்தான் பிறந்தன. ஸ்டுடியோவில் ரெண்டு டெக், நடுவில் ஒரு மிக்சர். இதய வடிவத்தில் திறக்கிற காட்சி, பூ ஃபிரேமுக்குள் மாப்பிள்ளை பொண்ணு, பின்னணியில் சினிமாப் பாட்டு. கையில் கிடைப்பது எடிட் பண்ணிய கேசட் மட்டும். மூல டேப் ஸ்டுடியோவிலேயே நின்றுவிடும். டேப்புக்குக் காசு என்பதால் அதன் மேலேயே அடுத்த விசேஷத்தைப் பதிவு செய்வதும் உண்டு. இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

வெட்டு என்பது ஒரு லிஸ்ட்

வெட்டாமலே வெட்டுகிற யோசனை எங்கே வந்தது? 1971-ல் சிபிஎஸ் டிவியும் மெமொரெக்ஸ் கம்பெனியும் சேர்ந்து சிஎம்எக்ஸ் 600 என்ற இயந்திரத்தைச் செய்தன. வீடியோவை பெரிய டிஸ்க் அடுக்குகளில் ஏற்றி, திரையில் லைட் பேனாவால் தொட்டு, எந்த இடத்துக்கும் உடனே தாவலாம். படம் கறுப்பு வெள்ளை, தரம் சுமார். விலை ஏறத்தாழ 2.5 லட்சம் டாலர்.

விலையை விட்டுடுங்க. அது கடைசியில் வெளியே தந்தது என்ன என்பதுதான் முக்கியம். எடிட் பண்ணிய வீடியோவை அது தரவில்லை. "இந்த டேப்பில் இந்த நேரத்தில் இருந்து இந்த நேரம் வரை" என்று வரிசையாக எழுதிய ஒரு லிஸ்ட்டைத் தந்தது. எடிட் டிசிஷன் லிஸ்ட், சுருக்கமாக ஈடிஎல். அந்த லிஸ்ட்டை வைத்து வேறு இயந்திரங்கள் நல்ல தர டேப்பில் இருந்து முழுப் படத்தையும் கோர்த்தன. பின்னால் வந்த சிஎம்எக்ஸ் 3600-ன் ஈடிஎல் ஃபார்மட் இன்றைக்கும் டாவின்சி ரிசால்வ் மாதிரி சாஃப்ட்வேரில் எக்ஸ்போர்ட் மெனுவில் இருக்கிறது. நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய வெறும் டெக்ஸ்ட் ஃபைல்.

1989-ல் அவிட், மேக்கின்டாஷ் மேல் ஓடுகிற எடிட்டிங் சிஸ்டத்தைக் கொண்டுவந்தது. 1991 டிசம்பரில் அடோபி பிரீமியர் வந்தது. எழுதியவர் ராண்டி உபிலோஸ். இந்தப் பெயர் மறுபடி வரும். ஆனால் இதெல்லாம் தொழில்காரர்களுக்கும் ஆர்வலர்களுக்கும்தான். வீட்டில் இருப்பவர் விஎச்எஸ் கேசட்டை கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர கேப்சர் கார்டு வேண்டும், வேகமான டிஸ்க் வேண்டும். அப்படியும் ஃபிரேம் விட்டுப்போகும், சத்தம் ஒரு பக்கம் உதடு ஒரு பக்கம் ஓடும்.

கதவைத் திறந்த கேபிள்

அப்புறம் வீட்டுக் கதவைத் திறந்தது எது? சாஃப்ட்வேர் இல்லை. ஒரு ஃபார்மட்டும் ஒரு கேபிளும்.

1995-ல் டிவி ஃபார்மட் கேமராக்கள் வந்தன. இந்த டிவி, டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம், நம்ம வீட்டு டெலிவிஷன் இல்லை. கேமராவே படத்தைச் சுருக்கி, செகண்டுக்கு 25 மெகாபிட் வேகத்தில் டேப்பில் எண்களாக எழுதியது. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டது. அதனால் எந்த ஃபிரேமில் வேண்டுமானாலும் சுத்தமாக வெட்டலாம்.

அதே 1995-ல் ஐஇஇஇ 1394 தரநிலை வெளியானது. ஆப்பிள் வைத்த பெயர் ஃபயர்வயர். வேகம் செகண்டுக்கு 400 மெகாபிட். அந்தக் கால யுஎஸ்பி 1.1-ன் உச்சமே 12 மெகாபிட். 25 மெகாபிட் வீடியோ அதில் போகவே போகாது. ஃபயர்வயரில் தாராளமாகப் போகும். டேப்பில் இருக்கிற பிட்டுகள் அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு வரும். காப்பி பண்ணினால் தரம் இறங்கும் என்ற பிரச்சினை அங்கேயே முடிந்தது. அதோடு, அதே கேபிள் வழியாக கம்ப்யூட்டர் கேமராவுக்கு உத்தரவு போடலாம்: பிளே, ஸ்டாப், ரீவைண்ட்.

1999 அக்டோபரில் ஆப்பிள் ஐமேக் டிவி என்ற கம்ப்யூட்டரை 1,299 டாலருக்கு வெளியிட்டது. ஃபயர்வயர் போர்ட் உண்டு, கூடவே ஐமூவி என்ற புது சாஃப்ட்வேர். ஐமூவி முதல் முறை எடிட் பண்ணுகிறவரின் பயத்தைப் புரிந்துகொண்டது. டேப்பில் கேமரா எழுதி வைத்த தேதி, நேரத்தைப் படித்து, நீங்கள் ரெக்கார்டு பட்டனை அழுத்தி நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் தானாகவே கிளிப்பைப் பிரித்து ஷெல்ஃபில் அடுக்கியது. நீங்கள் வேண்டியதை இழுத்துக் கீழே வரிசையாகப் போட்டால் போதும்.

ஒரு கணக்கு பார்ப்போம். டிவி வீடியோ ஒரு செகண்டுக்கு சுமார் 3.6 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி. அந்த ஐமேக் டிவியின் டிஸ்க் 10 ஜிபி. ஒரு கேசட் முழுசா உள்ளே போகாது! அதனால் மக்கள் வெட்டிய துண்டுகளை ஐமூவியின் குப்பைத்தொட்டியில் போட்டு, அடிக்கடி காலி செய்தார்கள். காலி செய்தால் அந்தக் காட்சி டிஸ்க்கில் இருந்து நிஜமாகவே போய்விடும். பரவாயில்லை, ஒரிஜினல் டேப் அலமாரியில் இருக்கிறது. டேப்தான் அன்றைய பேக்கப்.

2000 செப்டம்பரில் விண்டோஸ் மீ-யுடன் மூவி மேக்கர் வந்தது. அடுத்த வருஷம் எக்ஸ்பி. நம்ம ஊர் வீடுகளுக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கும் எடிட்டிங் போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான். காசு கிடையாது, டவுன்லோடு கிடையாது, ஸ்டார்ட் மெனுவில் இருந்தது.

லிஸ்ட் இருக்கு, படம் எங்கே?

இனிமேல்தான் அந்த ஆபத்து. மூவி மேக்கரில் சேவ் பண்ணினால் எம்எஸ்டபிள்யூஎம்எம் என்று ஒரு ஃபைல் வரும். சைஸ் ரொம்பச் சின்னது. நிறைய பேர் அதை மட்டும் பென் டிரைவில் போட்டு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். திறந்தால் படத்துக்குப் பதில் சிவப்பு எக்ஸ் குறி. ஏனென்றால் அந்த ஃபைலுக்குள் வீடியோவே இல்லை. வெறும் லிஸ்ட்.

லிஸ்ட்டை நம்பினால் இன்னொரு பிரச்சினை: அதைப் படிக்கிற சாஃப்ட்வேரும் உயிரோடு இருக்க வேண்டும். 2007 ஆகஸ்டில் ஆப்பிள் ஐமூவியை முழுசாக மாற்றி எழுதி ஐமூவி '08 என்று வெளியிட்டது. மாற்றியவர் அதே ராண்டி உபிலோஸ். வேகமாக வேலை நடந்தது, ஆனால் பழக்கப்பட்ட டைம்லைன் காணோம். பழைய புராஜெக்ட்டை இறக்கினால் கிளிப் வரும், நீங்கள் உட்கார்ந்து செய்த டைட்டிலும் எஃபெக்ட்டும் வராது. எழுந்த கோபத்தில், புதுசு வாங்கியவர்கள் பழைய பதிப்பையும் இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ள ஆப்பிள் வழிவிட்டது. மூவி மேக்கர் கதை இன்னும் நேரடியானது. 2017 ஜனவரி 10-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது.

சரி, டேப்பில் ஒரிஜினல் இருக்கே என்கிறீர்களா? விஎச்எஸ் விசிஆர் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. ஃபயர்வயர் போர்ட் புது கம்ப்யூட்டர்களில் கிடையாது. 2025-ல் வந்த மேக் ஓஎஸ் டாஹோவில் அதற்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். கதவைத் திறந்த கேபிளுக்கே இந்த நிலைமை.

இப்போ ஆரம்பத்தில் சொன்ன கல்யாண கேசட்டுக்கு வாங்க. அதன் மூல டேப் போய்விட்டது. ஆனாலும் 30 வருஷம் கழித்து நம்மிடம் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது என்றால், ஸ்டுடியோக்காரர் முழுசாகப் பதிவு செய்த ஒரு கேசட்டைக் கையில் கொடுத்ததால்தான். லிஸ்ட்டை மட்டும் கொடுத்திருந்தால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. நாம் அதற்கு நேர்மாறாக இருக்கிறோம். ஆப்புக்குள் பாதி எடிட் பண்ணிய புராஜெக்ட் கிடக்கும். போனில் இடம் இல்லை என்று ஒரிஜினலை அழிப்போம். அடுத்த வருஷம் ஆப்பே இருக்காது.

அதனால் இப்போதான் எடிட்டிங் ஆரம்பிக்கிறவர்களுக்கு, எந்த ஆப்பாக இருந்தாலும், மூன்று விஷயம்.

ஒன்று: ஒரிஜினல், புராஜெக்ட், எக்ஸ்போர்ட் மூன்றும் வேறு வேறு. வேலை ஆரம்பிக்கும்போதே ஒரு ஃபோல்டர் போட்டு எல்லா கிளிப்பையும் அதில் காப்பி பண்ணிட்டு, அங்கிருந்து எடிட் பண்ணுங்க. ஃபோல்டரை நகர்த்தினால் மொத்தமாக நகர்த்துங்க.

ரெண்டு: முடிந்ததும் முழுத் தரத்தில் ஒரு எம்பி4 ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணி, ரெண்டு இடத்தில் வைங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பிய காப்பி கணக்கில் வராது, அது சுருங்கிய காப்பி.

மூன்று: வீட்டில் பழைய கேசட் இருந்தால் இந்த மாசமே வெளியே எடுத்துப் பாருங்க. நம்ம ஊர் ஈரக்காற்றில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தால் பிளேயரில் போடாதீங்க. டேப்பும் போகும், ஹெட்டும் கெடும், பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றித் தருகிறவர்களிடம் கொடுங்க. வந்த ஃபைலை எடிட் பண்ணுறதுக்கு முன்னாடி, வெட்டாத முழு காப்பி ஒன்றைத் தனியாக எடுத்து வைங்க.

கேமராவை மறைச்சுக்கிட்டு நின்ன யாரோ ஒருத்தர்னு சொன்னேன் இல்லையா? இருபது வருஷம் கழிச்சு, அந்த வீடியோவில் நீங்க தேடப்போறது அவரையாகவும் இருக்கலாம்.

உங்க வீட்டு கேசட் என்ன நிலைமையில் இருக்குன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.