சிறுதேர் முதல் சிறு ஜீப்பு வரை

ரஞ்சன்காவ் என்ற பெயரைக் கேட்டதும் மராத்திய அன்பர்கள் கைகூப்புவர். அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றாகிய மகாகணபதி திருக்கோயில் இங்கு விளங்குவதே காரணம். பிழைப்பை நாடி வந்த நம்மவர்க்கோ இவ்வூர் முதலில் தொழிற்பேட்டையாகவே அறிமுகமாயிற்று. அப்பேட்டையில் 2017-ஆம் ஆண்டில் ஜீப்பு என்னும் பெயர் தாங்கிய வண்டிகளின் உற்பத்தி தொடங்கிற்று. இதே நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால் அகமதுநகர் வரும். 2024-இல் அதற்கு அகில்யாநகர் எனப் பெயர் மாற்றினர். அங்கே 1994-இல் நிறுவப்பட்ட குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு புறம் ஜீப்பு பிறக்கும் இடம். மறு புறம் டாங்கிகள் ஓய்வு கொள்ளும் இடம். இவ்விரண்டுக்கும் நடுவே குடியிருக்கும் நான், பொம்மைப் படைவண்டிகளைச் சேர்ப்பவனாக ஆனதில் வியப்பொன்றும் இல்லை.

மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே எழுத்தன் வரலாறு எழுதப் புகுவது துணிச்சலே. ஆயினும் சங்க அன்பர்கள் சிலர், "நரை தோன்றிய வயதில் பொம்மையா? அதிலும் போர்ப் பொம்மையா?" என்று அடிக்கடி வினவுகின்றனர். அவர்களுக்கு விடையாகவேனும் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதற்கண் நம் இலக்கியத்தையே சான்றுக்கு அழைக்கிறேன். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவம். தேர், யானை, குதிரை, காலாள் என நால்வகைப் படை எண்ணிய காலத்தில் தேர் என்பது போர்க்கருவி. ஆதலின் சிறுதேர் என்பது, இன்றைய சொல்லில் கூறினால், படைவண்டிப் பொம்மையே! பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வக் குழந்தைகள் மூன்று சக்கரத் தேர் உருட்டி விளையாடுகின்றனர். குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் வரும் சிறுவர்கள், தச்சர் செய்து தந்த தேரில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் அதை இழுத்துத் திரிவதிலேயே மகிழ்ச்சி காண்கின்றனர். ஏறி ஓட்ட முடியாத வண்டியால் வரும் இன்பம் எத்தகையது என்பதை எம்போன்ற சேகரிப்பாளர் உள்ளம் அறிய எழுதிய புலவர் அவர். இன்னும் ஒன்று. அகமதுநகர் மாவட்டத்துத் தைமாபாத்தில் 1974-ஆம் ஆண்டில் மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் தேர் ஒன்று வெளிப்பட்டது. எருதுகள் பூட்டி, ஒரு மனிதன் நின்று செலுத்தும் அத்தேர் பண்டைய அரப்பா நாகரிகத்தின் பிற்காலத்தைச் சேர்ந்தது என்பர். அது விளையாட்டுப் பொருளா வழிபாட்டுப் பொருளா என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், சக்கரத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும் ஆசை இம்மண்ணுக்குப் புதிதன்று.

நிற்க. ஜீப்புக்கு வருவோம். 1940-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறை, எடை குறைந்த உளவு வண்டி ஒன்று வேண்டுமெனக் கேட்டது. பாண்டம் என்னும் சிறு நிறுவனம் 49 நாட்களில் முதல் மாதிரியைச் செய்து முடித்து, அவ்வாண்டு செப்டம்பர் 23-இல் ஒப்படைத்தது. பெருமளவில் செய்யும் வேலை வில்லிஸ், போர்டு ஆகிய பெரிய கம்பெனிகளுக்குப் போயிற்று. போர் முடிவதற்குள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உலகெங்கும் ஓடின. நம் நாட்டில் 1947 முதல் மகிந்திரா கம்பெனியார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்றனர். 2021-இல் ரஞ்சன்காவில் கோக்கப்படலான ராங்ளர் வண்டி அந்தப் பரம்பரையில் வந்ததே. அதன் முகப்பில் இன்றும் ஏழு பிளவுகள் உண்டு.

இந்த ஜீப்பு பொம்மையான கதைகளுள் என் நெஞ்சை உருக்கியது ஜப்பானியக் கதை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, நகரங்கள் சாம்பலாகியிருந்தன, தகரம் கிடைப்பதற்கில்லை. வென்ற அமெரிக்கப் படையினர் தின்றுவிட்டு எறிந்த டப்பாக்கள் மட்டும் குப்பையில் குவிந்தன. ஒட்சு நகரத்துக் கொசுகே என்னும் பொம்மைத் தொழிலாளர் அந்த டப்பாக்களைத் தட்டி விரித்து, வீதியில் ஓடிய ஜீப்பைப் பார்த்துச் சிறு தகர ஜீப்பு செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் கியோட்டோ நகரத்துப் பெருங்கடை ஒன்றில் ஒன்று 10 யென் என விற்பனைக்கு வந்தது. மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். தோற்ற நாட்டுக் குழந்தை, வென்றவன் எறிந்த தகரத்தால் வென்றவன் வண்டியைச் செய்து விளையாடிற்று. ஜப்பானின் பொம்மைத் தொழில் போருக்குப் பின் கண் விழித்தது இந்த ஜீப்பில்தான் எனக் கூறுவர்.

இனி, இக்காலச் சேகரிப்பாளர் பலரும் தேடி அலையும் ஜி.ஐ. ஜோ வரிசையைப் பற்றிக் கூறுவேன். 1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஏறத்தாழ ஓரடி உயரமுள்ள படைவீரன் பொம்மையை வெளியிட்டது. ஆண் பிள்ளைகள் பொம்மையைத் தொடுவார்களோ என்ற ஐயத்தால், அதைப் பொம்மை என்னாது செயல் உருவம் என்னும் பொருள்படப் புதுப்பெயரிட்டு விற்றனர். வணிகர் மூளை! ஆனால் ஓரடி வீரன் ஏறுவதற்கு ஏற்ற டாங்கி வேண்டுமானால் அது வீட்டில் பாதியை அடைத்துக்கொள்ளும். 1970-களில் எண்ணெய் விலை ஏறிப் பிளாஸ்டிக்கின் விலையும் ஏறியபோது வரிசை நின்றது. 1982-இல் மீண்டும் வந்தபோது வீரனின் உயரம் மூன்றே முக்கால் அங்குலம். இந்தக் குறுக்கமே படைவண்டிகளுக்கு வாழ்வு தந்தது. மின்கலத்தால் நகரும் மோபாட் டாங்கியும் வாம்ப் என்னும் ஜீப்பு வகையும் முதல் ஆண்டிலேயே வந்தன. 1983-இல் ஸ்கைஸ்டிரைக்கர் விமானமும், பகைவர் பக்கத்து ஹிஸ் டாங்கியும் வந்தன. 1985-இல் வந்த விமானந்தாங்கிக் கப்பலின் நீளம் ஏழரை அடி. நம் குவார்ட்டர்ஸில் அதை வைத்தால் குடும்பத்தார் வராந்தாவில்தான் படுக்க வேண்டும்.

ஈண்டு தொழில் நுட்பம் சிறிது கூறாமல் மேலே செல்ல இயலாது. பிளாஸ்டிக் வண்டியின் தாய், மோல்டு என்று தொழிலாளர் வழங்கும் எஃகு அச்சு. இரண்டு பாதியாக உள்ள அவ்வச்சை இறுக மூடி, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு உள்ளே செலுத்திக் குளிரவைத்துப் பிரித்தால் பொருள் வெளிவரும். நம் தொழிற்பேட்டையில் இவ்வேலை பார்க்கும் அன்பர்கள் என்னைவிட நன்கு அறிவர். அச்சுக்கு ஆகும் செலவு மிகப் பெரிது. பொருளுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஆகவே ஒரு நாட்டில் விற்று ஓய்ந்த அச்சைப் பெட்டியில் இட்டு வேறு நாட்டுக்கு அனுப்புவது பொம்மை வணிகத்தின் வழக்கம். பிரேசிலுக்குப் போயின; அர்ஜென்டினாவுக்குப் போயின; இந்தியாவுக்கும் வந்தன.

இந்தியாவில் அவற்றைப் பெற்றது ஃபன்ஸ்கூல். சென்னையின் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய நிறுவனம் அது, தலைமையிடம் சென்னை, தொழிற்சாலை கோவாவில். 1994-இல் அமெரிக்காவில் ஜி.ஐ. ஜோ வரிசை நின்றுபோன பின்பும் இந்தியாவில் நிற்கவில்லை. 2000-ஆம் ஆண்டு கடந்தும் சில காலம் நம் அங்காடிகளில் விற்றது. அச்சு ஒன்றேயாயினும் நிறம் ஒன்றன்று. அமெரிக்காவில் பச்சையாக இருந்தது இங்கே வேறு நிறத்தில், சில சமயம் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வரும். அந்நாளில் அதை மட்டம் என்று பழித்தவர் உண்டு. இன்று அந்நிற வேறுபாட்டுக்காகவே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இந்தியப் பதிப்பைத் தேடி வாங்குகின்றனர். 1997-இல் ஹாஸ்ப்ரோ மீண்டும் வரிசையைத் தொடங்க முற்பட்டபோது, பழைய அச்சுகள் பல கிடைக்காமல், வேறு வேறு உருவங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒப்பேற்ற நேர்ந்தது. ஓர் அச்சு எங்கே போயிற்று, எந்நாட்டில் ஓய்ந்தது என ஆராய்வதே தனி வரலாறாகிவிட்டது.

ரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இது எளிதில் விளங்கும். சரக்கு வாகனின் பக்கத்தில் எந்த ரயில்வேக்குரியது, வெற்று எடை எவ்வளவு, எப்போது கட்டியது, எப்போது பெரும் பழுது பார்த்தது என எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்தவனுக்கு அது வாகனின் வாழ்க்கை வரலாறு. பொம்மை வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அப்படியே. அடியில் ஓர் ஆண்டும், உரிமையாளர் பெயரும், செய்த நாட்டின் பெயரும் இருக்கும். ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: அங்குள்ள ஆண்டு, வடிவத்துக்கு உரிமை பெற்ற ஆண்டேயன்றிப் பொருள் பிறந்த ஆண்டன்று. அடியில் 1983 எனக் கண்டவுடன் பழம்பொருள் என்று பணத்தை எண்ணி வைத்துவிடலாகாது. இருபது ஆண்டு கழித்து வார்த்ததிலும் அதே ஆண்டு இருக்கக்கூடும்.

பிறந்த நாளை அறிய இந்தியப் பதிப்பில் ஒரு நல்வழி உண்டு. அமெரிக்கப் பதிப்பில் அது இல்லை. 2011 வரை நடைமுறையில் இருந்த 1977-ஆம் ஆண்டின் பொதிப்பொருள் விதிகளின்படி, நம் நாட்டில் விற்ற பெட்டியின்மேல் விலையோடு செய்த மாதமும் ஆண்டும் இருத்தல் வேண்டியிருந்தது. எனவே பெட்டி கிடைத்தால் மாதக் கணக்கில் வரலாறு எழுதலாம். அந்தோ, பெட்டியை எவர் வைத்திருக்கிறார்? பொம்மை பிள்ளைக்கு, பெட்டி குப்பைக்கு என்பதே நம் வீட்டு நியதி. மேலை நாட்டில் திறவாத பெட்டியை முப்பது ஆண்டு காத்தவர் உண்டு. நம்மிடத்தில் பெட்டியைக் கிழித்த கையோடு பொம்மையை மண்ணில் இறக்கினர். பிள்ளைகள் நன்றாக விளையாடினர்; அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் எண்ணற்று விற்ற பொருள் இன்று அரிதாகியதற்கு அதுவே காரணம்.

மறுவெளியீட்டைப் பற்றிச் சேகரிப்பாளர் இடையே பூசல் ஓய்வதில்லை. 2020-இல் ஹாஸ்ப்ரோ, 1985-இல் வந்த ஏ.டபிள்யூ.இ. ஸ்டிரைக்கர் என்னும் பாலைவன வண்டியைப் பழைய பெட்டிப் படத்தோடு மறுபடியும் விற்றது. மூலப்பதிப்பு ஒன்றே பொருள், மற்றவை வெறும் நகல் என்பர் சிலர். எனக்கு இக்கருத்து உடன்பாடன்று. நம் ஊர்க் கோவில் உலாத் திருமேனியை மறுபடி வார்த்தால் அதை நகல் என்று எவரும் கும்பிடாது போவதில்லை. உரியவன் மறுபடி வார்ப்பது மறுவெளியீடு. உரிமை இல்லாதவன் வார்த்து மூலம் என்று விற்பதுதான் போலி. போலி உறுப்புகளும், புதிதாய் அச்சிட்ட ஒட்டுத்தாள்களும் இன்று தாராளமாய் வருகின்றன. வாங்குவோர்க்குச் சொல்லிவிட்டு விற்றால் பிழையில்லை. சொல்லாமல் விற்பது திருட்டு.

காப்பதைப் பற்றி இரண்டொரு சொல். ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளிக்கும், சன்னலோரம் வைக்கலாகாது. மின்கலத்தை உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து செப்புத் தகட்டைத் தின்றுவிடும். 1982-க்குப் பிந்திய வீரனின் மேலுடலையும் கால்களையும் இணைப்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையம். அது இற்றுப்போனால் வீரன் இரு துண்டாவான். பிளம்பர் கடையில் கிடைக்கும் வளையமே பெரும்பாலும் போதும். இதற்கு முற்பட்ட ஆங்கில டிங்கி உலோக வண்டிகளுக்கு வேறு நோய் உண்டு: துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்த பழைய வார்ப்புகள் தாமே வெடித்து உதிரும், அதற்கு மருந்தில்லை.

போர்ப் பொம்மை பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்காதா என்ற வினா எஞ்சி நிற்கிறது. இது புதிய வினாவன்று. வியட்நாம் போரை மக்கள் வெறுத்த காலத்தில், 1970-இல், ஹாஸ்ப்ரோவே தன் படைவீரனைச் சாகசப் பயணியாக மாற்ற வேண்டியதாயிற்று. 1913-இல் பொம்மைப் போர் விளையாட்டுக்கு விதிநூல் எழுதிய எச்.ஜி. வெல்ஸ், உண்மைப் போரை வெறுத்தவர். என் அனுபவத்தில் கூறுவேன்: பிள்ளைகளுக்குப் பொம்மை டாங்கியைக் காட்டிய பின் அகமதுநகருக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே 1965 போரில் பிடிபட்ட பாட்டன் டாங்கி நிற்கிறது. நம் ஆவடியில் உருவான விஜயந்தாவும் நிற்கிறது. அசல் உத்தரில் ஜீப்பின்மேல் பொருத்திய பீரங்கியால் பாட்டன்களை எதிர்த்து நின்ற அவில்தார் அப்துல் அமீது, அவ்வாண்டு செப்டம்பர் 10-இல் களத்திலேயே மாண்டார். பரம வீர சக்கரம் அவருக்குப் பின்னரே வந்தது. டாங்கியின் இரும்பைத் தொட்டுக்கொண்டு இக்கதையைக் கேட்ட என் மகன், வீடு வரும் வரை வாய் திறக்கவில்லை. மறுநாள் மறுபடியும் பொம்மையை எடுத்து விளையாடினான். இரண்டும் எனக்கு நிறைவையே தந்தன.

இப்போது நம் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அயல்நாட்டுப் பொம்மைக்குச் சுங்கவரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறிற்று. எழுத்தன் சம்பளத்துக்கு அது எட்டாது. ஆகவே ஞாயிறுதோறும் புணே ஜூனா பஜாரில் தரையில் விரித்த கோணிகளைக் கிளறி வருகிறேன். 1988-க்கும் 2003-க்கும் இடையே பிள்ளை வளர்த்தவர்கள் நம்மில் பலர் உள்ளனர். உங்கள் பரண்மேல் உடைந்த படைவண்டி ஏதேனும் இருந்தால், பங்கார்காரர் தராசில் ஏற்றுமுன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். 'இந்தியாவில் செய்தது' என இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சக்கரம் இல்லாவிடினும் பாதகமில்லை. கிழிந்த பெட்டித் துண்டு, அதில் மாதமும் ஆண்டும் தெரியுமாயின், வண்டியைவிட மேல்.