வேலூரார் வைத்த நம்பிக்கை

அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னராகத் தோன்றிய வி. சி. கணேசனுக்குத் தந்தை பெரியார் வழங்கிய பெயரே சிவாஜி. ‘பராசக்தி’ தொடங்கியபோது திரையுலகம் அம்மேடைக் கலைஞரை எளிதில் ஏற்கவில்லை. மெலிந்த உடலைக் காட்டி, வேறொருவரை அமர்த்தலாம் என்ற பேச்சு படப்பிடிப்பின் இடையிலேயே எழுந்தது. ஆரணிக்கு அண்டையிலுள்ள வேலூரைச் சேர்ந்த தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள் அசையவில்லை.

1952இல் படம் வெளிவந்தது. கலைஞர் மு. கருணாநிதியின் உரைநடை, கணேசனின் நாவில் மூச்சின் அளவறிந்து நின்றும் நீண்டும் ஒலித்தபோது, செய்யுளுக்கே உரியதெனக் கருதப்பட்ட ஓசைநயம் நீதிமன்றக் காட்சியில் பிறந்தது. மிகைநடிப்பு என்பார் உளர்; தமிழைச் செவிவழிப் பயின்ற தலைமுறையினர் அவ்வாறு கூறார்.

1960இல் கெய்ரோ படவிழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ அவருக்குச் சிறந்த நடிகர் விருதைத் தந்தது. (இந்திய அரசின் சிறந்த நடிகர் விருதோ இறுதிவரை வரவேயில்லை!) புகழின் உச்சியிலும் பொங்கல்தோறும் வேலூர் சென்று பெருமாளுக்குச் சீர் அளித்து வணங்குவதைச் சிவாஜி வழக்கமாகக் கொண்டிருந்தார்.