விதைநாளப் புடைப்பும் சத்திரவைத்திய வளர்ச்சியும்

நோய் தீர்க்கும் வெட்டு நோயினும் பெருந்துன்பமாகலாகாது என்பது சத்திரவைத்தியத்தின் நெறி. அந்நெறி வளர்ந்தவாற்றை விதைநாளப் புடைப்பின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

விதையிலிருந்து குருதியை மீட்டுச் செல்லும் நாளங்கள் வீங்கி முறுகுதலே இந்நோய். வைத்தியர் இதனை வரிக்கோசில் என்பர். பருவமெய்திய இளைஞருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரிடம் இது காணப்படும். பெரும்பாலும் இடப்பக்கத்தே தோன்றும். அப்பக்கத்து விதைநாளம் நெடுந்தொலைவு மேலேறிச் சிறுநீரக நாளத்தைச் செங்கோணமாகச் சேர்தலும், அதன் வால்வுகள் தளர்தலும் காரணங்களாகக் கூறப்படும்.

கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே உரோம நூலாசிரியர் செல்சசு இதனை விவரித்துள்ளார். எனினும், நாளத்தை மேலே கட்டும் முறையை 1918இல் வெளியிட்டவர் ஆர்ஜென்ரீன நாட்டு இவானிசேவிச் ஆவர். 1949இல் குவாத்தமாலாவின் பலோமோ இன்னும் உயரத்தே நாடியையும் நாளத்தையும் ஒருங்கே கட்டினார். 1955இல் எடின்பரோவின் தலொக் வெளியிட்ட ஆய்வு, இந்நோய்க்கும் மகப்பேற்றுக் குறைவுக்கும் உள்ள தொடர்பை வைத்திய உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. அதன்பின் சிறுவரிடத்தும் இந்நோய் ஆராயப்படலாயிற்று.

பலோமோ முறையில் நோய் மீளல் அரிது. ஆயின் நிணநீர்க்கலன்களும் உடன் அறுபடுதலால் சிலருக்கு விதையைச் சூழ நீர் கோத்தது. 1985இல் அமெரிக்கரான மார்மர் நுணுக்குக்காட்டியின் துணையோடு கவட்டருகே சிறு வெட்டினூடாக நாளங்களைப் பிரித்துக் கட்டினார். 1980களின் இறுதியில் ஸ்பெயினில் லப்பரஸ்கோப் முறை தோன்றிற்று. வயிற்றறையைக் காபனீரொட்சைட்டினால் விரித்துச் சிறு துளைகளினூடே கருவிகளைச் செலுத்துவது அம்முறை. இவ்விரு முறைகளிலும் உருப்பெருக்கிக் காண இயல்வதால் நிணநீர்க்கலன்களைக் காத்தலும் கைகூடிற்று. ஆகவே வெட்டுச் சிறுத்தது மட்டும் பேறன்று. பார்வை கூர்மையுற்றதே பெரும்பேறு.

அப்பார்வையின் முதிர்ச்சி, வெட்டாது விடவேண்டியவரை அறிதலிலும் விளங்குகின்றது. புடைப்புள்ள சிறுவர் யாவர்க்கும் சத்திரசிகிச்சை வேண்டுவதன்று. நோவு நீடிப்பின், அல்லது அப்பக்கத்து விதை மற்றையதினும் ஐந்திலொரு பங்கிற்கு மேல் சிறுத்திருத்தல் மீண்டும் மீண்டும் அளந்து உறுதிப்படின், அது கருதப்படும். ஏனையோர்க்கு ஆண்டுதோறும் பரிசோதனையே தக்கது.

இங்கு இடையூறாவது நாணமே. நோவற்ற இந்நோயை இளைஞர் தாய்தந்தையர்க்கும் உரையார். கெலிஓயாவிலிருந்து கண்டி வீதியிற் சிறிது தூரத்திலுள்ள பேராதனையிலே சிறுவர்க்கெனத் தனி வைத்தியசாலை உண்டு. ஆயினும், மறைக்கப்பட்ட நோயை எவ்வைத்தியசாலையும் அறியமாட்டாது. நூற்றாண்டு முயற்சியின் பயன் சிறுவனைச் சேர்வது, அவன் நாணாது சொல்லவும் பெற்றோர் சினவாது கேட்கவும் கற்கும்போதேயாம்.