ஓடிடி: இரண்டாம் வீட்டில் வளர்ந்த கோப்பு

கணினியில் ஓடிடி (.odt) வடிவில் சேமித்த கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்து, பெயரின் வாலில் இருக்கும் 'ஓடிடி'யை அழித்துவிட்டு 'ஜிப்' என்று எழுதித் திறந்து பாருங்கள். உள்ளே சின்னச் சின்னக் கோப்புகள் இருக்கும். நாம் எழுதியது கன்டென்ட்.எக்ஸ்எம்எல்லில். எழுத்தளவும் பக்க அமைப்பும் ஸ்டைல்ஸ்.எக்ஸ்எம்எல்லில். எழுதியவர் பெயரும் நாளும் மெட்டா.எக்ஸ்எம்எல்லில். மைம்டைப் என்று ஒன்று, ஜிப்புக்குள் முதல் ஆளாக, அமுக்கப்படாமல் நிற்கும். 'நான் ஓர் எழுத்து ஆவணம்' என்று அறிவிக்கும் ஒற்றை வரிதான் அதில் இருக்கும்.

கன்டென்ட்.எக்ஸ்எம்எல்லைச் சாதாரண நோட்பேடில் திறந்தால்கூட, குறிகளுக்கு நடுவே நம் தமிழ் வரிகள் யுனிகோடில் படிக்கக் கிடைக்கும். எழுதிய மென்பொருள் நாளை மறைந்தாலும் எழுதியது மறையாது. ஒரு கோப்புக்கு இதைவிடப் பெரிய குணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குணம் பலர் விட்டுக்கொடுத்ததால் வந்தது.

ஓடிடியின் பிறந்த வீடு ஜெர்மனியின் லூனெபுர்க். 1980களின் நடுவில் மார்கோ பேரீஸ் பதின்ம வயதிலேயே தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனம், ஸ்டார்ரைட்டர் என்ற சொற்செயலியை விற்றது. அந்நாளில் ஒவ்வொரு சொற்செயலிக்கும் தனிப் பூட்டு, தனிச் சாவி. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது; 2000 அக்டோபரில் மூலநிரலை ஓபன்ஆபீஸ் என்ற பெயரில் ஊருக்குத் திறந்துவிட்டது. 2002இல் வந்த முதல் பதிப்பு, எக்ஸ்எம்எல்லால் ஆன புதிய வடிவில் கோப்புகளைச் சேமித்தது. இன்றைய ஓடிடியின் குழந்தைப் பருவம் அது.

ஆனால் நிரல் திறந்திருந்தாலும், வடிவம் ஒரே மென்பொருளின் வடிவமாகத்தான் இருந்தது. அதைப் பொதுவாக்க, ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பில் 2002 டிசம்பரில் ஒரு குழு கூடியது. சன்னோடு, வேர்ட்பெர்ஃபெக்டைத் தயாரித்த கோரல் வந்தது. விமானம் செய்யும் போயிங் வந்தது. ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகமும், விவிலிய ஆய்வாளர்களின் சங்கம் ஒன்றும் வந்தன. விமானம் பல பத்தாண்டுகள் பறக்கும். அதன் ஆவணங்களும் அதுவரை திறக்க வேண்டும். காப்பகத்தின் கணக்கோ தலைமுறைகளில். மென்பொருள் விற்பவர்களைவிட ஆவணத்தைக் காப்பவர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை இருந்ததில் வியப்பில்லை.

அந்த மேசையில் இன்னொருவரும் இருந்தார்: கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் டேவிட் ஃபோர். கேடிஇக்குச் சொந்தமாக கேஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பு இருந்தது. அதற்கென்று தனி வடிவமும் இருந்தது. அந்த வடிவத்தைக் கைவிட்டு, பொது வடிவத்தையே தங்கள் வடிவமாக ஏற்பது என்று கேஆபீஸ்காரர்கள் முடிவெடுத்தார்கள். இந்தக் கதையின் திருப்பம் அதுதான்.

எளிய முடிவில்லை அது. கேஆபீஸின் சொற்செயலியான கேவேர்ட், சட்டகங்களை வைத்துப் பக்கத்தைக் கட்டும் செயலி. ஓபன்ஆபீஸின் போக்கு வேறு. திறக்கும் நிரலையும் சேமிக்கும் நிரலையும் புதிதாக எழுத வேண்டும். அந்த உழைப்பால் விளைந்த நன்மை பெரியது. ஒரே மென்பொருள் படிக்கும்வரை, விதிப்புத்தகத்தில் ஓட்டை இருந்தாலும் யாருக்கும் தெரியாது. நிரல் செய்வதே விதியாகிவிடும். முற்றிலும் வேறு கைகள் எழுதிய இரண்டாவது மென்பொருள் அதே கோப்பைத் திறக்க முயலும்போதுதான், எந்த வாக்கியம் தெளிவு, எந்த வாக்கியம் மூட்டம் என்பது வெளிச்சத்துக்கு வரும்.

2005 மே மாதம் ஓயாசிஸ், ஓடிடி அடங்கிய அந்தப் பொது வடிவத்தை ஓபன்டாக்குமென்ட் 1.0 என்ற பெயரில் தரநிலையாக ஏற்றது. அடுத்த மாதமே கேஆபீஸ் 1.4 அதைப் படிக்கவும் எழுதவும் செய்தது. ஓபன்ஆபீஸ் 2.0 வந்தது அக்டோபரில். பெற்ற வீட்டை முந்திக்கொண்டது வளர்ப்பு வீடு! 2006இல் கேஆபீஸ் 1.5 அதையே இயல்பு வடிவமாக்கியது. அதே ஆண்டு ஐஎஸ்ஓ 26300 என்ற சர்வதேசத் தரநிலை எண்ணும் கிடைத்தது. எதிர்ப்பே இல்லாத பாதை அல்ல அது. 2005இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசு ஆவணங்களுக்கு இதைத் தேர்ந்தெடுத்தபோது பெரும் அரசியல் சண்டையே மூண்டது. 2009இல் மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் இதைத் திறக்கக் கற்றுக்கொண்டது. 2014இல் பிரிட்டன் அரசு, திருத்தக்கூடிய ஆவணங்களைப் பகிர இதுவே வடிவம் என்று அறிவித்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு மென்பொருளில் அழகாக அமைத்த அட்டவணை மற்றொன்றில் சற்றே நகர்வதுண்டு. ஆனால் விதி எல்லார் கையிலும் இருப்பதால், எந்த மென்பொருள் தவறுகிறது என்று காட்டித் திருத்தச் சொல்லலாம்.

2010இல் சன்னை ஆரக்கிள் விழுங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஓபன்ஆபீஸ்காரர்களில் பலர் பிரிந்துபோய் லிப்ரெஆபீஸைத் தொடங்கினார்கள். கேஆபீஸிலிருந்தும் ஒரு கூட்டம் பிரிந்து கலிக்ரா ஆனது. குடும்பம் பிரிந்தால் பாத்திரம் பண்டமெல்லாம் பங்கு போடுவார்கள். இங்கே யாரும் ஒரு கோப்பைக்கூட மாற்றி எழுத வேண்டி வரவில்லை. வளர்த்த இரு வீடுகளின் பெயர்ப்பலகையும் மாறிவிட்டது. ஆனாலும் 2005இல் சேமித்த ஓடிடி இன்றும் லிப்ரெஆபீஸில் இருமுறை சொடுக்கினால் திறக்கிறது.