உடற்பயிற்சியும் உள்ளத் திண்மையும்
– பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை தரும் பாடம் –

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. உடல் நலத்தைப் பேணுக என்னும் அறிவுரையாகவே அதனை நாம் கொள்கிறோம். ஒடுக்கப்பட்ட சமுதாயத்திற் பிறந்த நமக்கு அம்மொழியில் மற்றொரு பொருளும் உண்டு. இழிவு வந்து தாக்கும்போது தளராத நெஞ்சம் வேண்டுமாயின், அந்நெஞ்சம் தன் ஆற்றலை ஐயமற அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு வெறும் சொற்களால் வருவதன்று. நாள்தோறும் உடலை வருத்திப் பழகுவதால் வருவது. இதற்குச் சான்றாக விளங்கும் ஒரு பெருமகனின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் இளைஞர் முன் வைக்கிறோம்.

களப் பணியாளர்

இந்தியக் கிரிக்கெட் உலகின் முதற்பெரும் பந்துவீச்சாளராகப் போற்றப்படும் பல்வங்கர் பாலு, 1870களில் தார்வாரில், தோல் தொழிலோடு பிணைத்துத் தாழ்த்தப்பட்ட சாம்பார் வகுப்பில் பிறந்தார். புனே நகரில் பார்சிகளின் ஆடுகளத்தைப் பெருக்கிச் சமன் செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. மாத ஊதியம் 3 ரூபாய். 1892இல் ஆங்கிலேயர் மன்றத்தில் 4 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்தார். களத்தை உருட்டுவதும் வலை கட்டுவதும் அவர் கடமைகள். அவற்றோடு, மட்டை பிடித்துப் பழகும் துரைமார்க்குப் பந்து வீசுவதும் அவர் பணியாயிற்று.

அம்மன்றத்தின் சிறந்த ஆட்டக்காரரான கிரெய்க் என்னும் படை அதிகாரி, மற்றவர்களுக்கு முன்னரே களத்திற்கு வந்து பாலுவைப் பந்து வீசச் சொல்வார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுப்பார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. பாலுவின் கையில் மட்டையைக் கொடுக்க மட்டும் எவரும் முன்வரவில்லை. பந்து வீசுவது ஊழியம், மட்டை பிடிப்பது உயர்ந்தோர்க்கு உரியது என்பது அக்காலக் கருத்து.

அவ்வூழியத்தையே பாலு தம் பள்ளிக்கூடமாக்கிக் கொண்டார். ஒரே செயலை மணிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பிழை திருத்திச் செய்தவரின் கையோடு உள்ளமும் பழகியது. அடிபட்ட பந்தை நினைந்து கலங்காமல் அடுத்த பந்தில் கருத்தூன்றும் பொறுமை, எதிரியின் குறிப்பறியும் கூர்மை, களைப்பிலும் நிலை குலையாத உறுதி ஆகிய மூன்றும் பயிற்சியின் பயன்களே அன்றோ!

மட்கலமும் வெற்றியும்

புனே இந்துக்களின் அணிக்கு அவர் திறமை தேவைப்பட்டது, தீண்டாமையோ தடுத்தது. இறுதியில் அணியிற் சேர்த்துக்கொண்டார்கள். எனினும், களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், இடைவேளையில் அவருக்கு மண்டபத்திற்கு வெளியே தனி மட்கலத்தில் தேநீர் கொடுத்தார்கள்! தேநீர்க் கடைகளில் தனிக் குவளையைக் கண்ட நம் மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இந்நிலையிலும் அவர் கை தளரவில்லை. 1906இல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பிய அணியை 109 ஓட்டங்களில் வென்றபோது, அவ்வெற்றிக்கு அவர் பந்துவீச்சு பெருந்துணை புரிந்தது. 1911இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. அத்தோல்விகளுக்கு நடுவிலும் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஊர் திரும்பிய அவரைப் பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் விழா எடுத்துப் போற்றினர்.

பொறுமையின் எல்லை

இத்துணைத் திறமை இருந்தும், இந்து அணியின் தலைமைப் பதவி ஆண்டுதோறும் அவருக்கு மறுக்கப்பட்டது. திறமை ஒன்றே போதும், சாதி தானே ஒழிந்துவிடும் என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். உடல் வலிமை கதவு வரையில் கொண்டு சென்றது. கதவைத் திறக்க வேறொன்று தேவைப்பட்டது.

1920ஆம் ஆண்டுப் போட்டியில் முதல் ஆட்டத்தில் பாலுவுக்கு இடமில்லை. தலைவர் பை ஆட இயலாதபோது, அப்பதவி தகுதி மிக்க பாலுவின் தம்பி வித்தலுக்கும் தரப்படவில்லை. வித்தலும் மற்றொரு தம்பியான சிவராமும் அநீதியை வெளிப்படையாகக் கண்டித்து அணியிலிருந்து விலகினர். மக்களிடையே பேச்சு எழுந்தது. இறுதி ஆட்டத்திற்குத் தம்பியர் இருவரும் திரும்பினர்; பாலு துணைத் தலைவரானார்; தலைவர் களத்தை விட்டு நீங்கியிருந்த வேளையில் அணியை நடத்தவும் செய்தார். 1923இல் வித்தல் இந்து அணியின் தலைவராகவே அமர்ந்து, அணியை வெற்றி பெறச் செய்தார்.

ஆட வேண்டிய வேளையில் ஆடுவதும், விலக வேண்டிய வேளையில் விலகுவதும் ஒரே திண்மையின் இரு பக்கங்கள். தம் திறமையை ஐயமற அறிந்தவர்களாதலின், ஆடாமல் நிற்பதால் இழப்பு எவருக்கு என்பதை அவ்விளைஞர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவைத் தந்தது பயிற்சியே.

பிற்காலத்தில் பாலு அரசியலிலும் ஈடுபட்டார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அவருடைய அரசியல் வழி நம் வழியன்று. அதனால் ஆடுகளத்தில் அவர் ஈட்டிய பெருமை குறைவதில்லை. அவர் 1955இல் மறைந்தார்.

நம் கடமை

இளைஞர்களே! கால் நூற்றாண்டாக நம் சங்கம் புத்தகத்தை உங்கள் கையில் கொடுத்து வருகிறது. புத்தகத்தோடு பந்தும் அக்கையில் இருக்கட்டும். விளையாட்டுக் களத்தைக் கல்விக்குப் பகை என்று கருதும் பெற்றோர் அவ்வெண்ணத்தை விடுக. பெண் மக்களையும் களத்திற்கு அனுப்புக. விலையுயர்ந்த கருவி இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. ஓடுவதற்கு ஒரு பாதையும் விடாத ஒழுங்கும் இருந்தால் தொடங்கலாம்.

பிறப்பை நாம் தேர்ந்துகொள்ளவில்லை. விடியற்காலையில் எழுந்து பழகும் அந்த ஒரு மணி நேரமோ முழுவதும் நம்முடையது. அதனை எவரும் நம்மிடமிருந்து பறிக்க இயலாது. அங்கே உரம் பெறும் உடலிலிருந்து, அநீதியின் முன் தலை தாழாத உள்ளம் எழுக!